எல்லா மோதலையும் அப்படியே பதிவு செய்தால் என்ன?

ஹார்டு டிஸ்க் இவ்வளவு மலிந்த பிறகும் புரோட்டான்களை மோதவிடும் எல்எச்சி முடுக்கியின் சோதனைகளில், எதை வைத்துக்கொள்வது என்று உடனுக்குடன் முடிவு செய்யும் டிரிக்கரை வைத்துப் பெரும்பாலான மோதல்களை ஏன் கழிக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சேமிக்க இடம் போதாது என்பது பாதிப் பதில்தான். மோதலில் தெறிக்கும் துகள்களைப் பதியும் டிடெக்டருக்குள் இருக்கும் தரவை வெளியே எடுப்பதுதான் பெரிய தலைவலி.

அங்கே 25 நானோ வினாடிக்கு ஒருமுறை, அதாவது வினாடிக்கு 4 கோடி முறை, புரோட்டான் கொத்துகள் குறுக்கிடுகின்றன. ஒரு குறுக்கீட்டுக்கு 1 மெகாபைட் என்று வைத்தாலே வினாடிக்கு 40 டெராபைட். இதை முழுக்க அனுப்ப இன்னும் சில்லுகள், இன்னும் ஒளியிழைகள், அவற்றுக்கு மின்சாரம், அந்தச் சூட்டைத் தணிக்கக் குழாய்கள் என்று உள்ளே குவிய வேண்டும். எல்லாம் துகள் போகிற வழியிலேயே உட்காரும். அதில் பட்டுத் துகள் சிதறினால் அளவீடே கெட்டது.

ஆகவே எல்எச்சி சோதனைகளில் ஒன்றான சிஎம்எஸ்ஸில் முழு விவரத்தையும் டிடெக்டரிலேயே நினைவகத்தில் காக்க வைத்துவிட்டு, துகள்களின் ஆற்றலை அளக்கும் கலோரிமீட்டரும், மியூவான் என்ற எளிதில் ஊடுருவும் துகளைப் பிடிக்கும் அறைகளும் தரும் மேலோட்டமான தகவலை மட்டும் வெளியே அனுப்புகிறார்கள். அதைப் பார்த்து வேண்டுமா வேண்டாமா என்று சொல்ல வன்பொருளுக்குக் கிடைப்பது சுமார் 4 மைக்ரோ வினாடி. கேபிளில் போய்வரும் நேரமும் அதற்குள் அடக்கம்! பதில் வருவதற்குள் பின்னால் 160 குறுக்கீடுகள் வரிசையில் நிற்கும். தேறுவது வினாடிக்கு சுமார் 1 லட்சம். அதையும் கணினிகள் சலித்துச் சில ஆயிரமாக்கும்.

இதில் நேரம் பிசகினால் என்ன ஆகும் என்பதை மாணவனாக இருந்தபோது சிறிய அளவில் பட்டுத் தெரிந்துகொண்டேன். காஸ்மிக் மியூவான்களை எண்ண துகள் பட்டால் ஒளிரும் இரண்டு சின்டிலேட்டர் பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்தோம். தனித்தனியே இரண்டிலும் பல்ஸ் கொட்டுகிறது, ஒரே மியூவான் இரண்டையும் கடந்து சேர்ந்து வர வேண்டிய பல்ஸ் மட்டும் ஏறக்குறைய பூஜ்யம். உயர் மின்னழுத்தத்தைச் சந்தேகித்தோம், ஒளிப்பெருக்கிக் குழாயை மாற்றினோம், இரண்டு நாள் போயிற்று. கடைசியில் ஆசிலோஸ்கோப்பில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் 60 நானோ வினாடி இடைவெளி. யாரோ (நான்தான்) ஒரு பக்கம் 12 மீட்டர் கூடுதல் நீளமான கேபிளைச் செருகியிருந்தார்கள். மீட்டருக்கு 5 நானோ வினாடி தாமதம். பல்ஸைச் சீரான வடிவில் மாற்றித் தரும் டிஸ்கிரிமினேட்டரின் பல்ஸ் அகலமோ 40 நானோ வினாடி. எங்கே ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும்? எல்எச்சியில் இதே வேலையைக் கோடிக்கணக்கான சேனல்களுக்குச் செய்ய வேண்டும். 25 நானோ வினாடியில் ஒளியே 7.5 மீட்டர்தான் போகும் என்பதால், முந்தைய மோதலின் துகள்கள் டிடெக்டரை விட்டு வெளியேறும் முன்பே அடுத்த மோதல் நடந்துவிடும். ஒரு குறுக்கீடு அளவுக்கு நேரம் தவறினால் வேறொரு மோதலின் துண்டைச் சேர்த்து ஒட்டிவிடுவோம்.

நீங்கள் கேட்டதுபோலவே வன்பொருள் டிரிக்கரை அடியோடு எடுத்துவிட்ட சோதனையும் இருக்கிறது: எல்எச்சிபி. 2022-இல் தொடங்கிய ஓட்டத்திலிருந்து ஒவ்வொரு குறுக்கீட்டின் தரவும் வெளியே வருகிறது. முதல் சலிப்பை ஜிபியுக்கள் (கிராஃபிக்ஸ் சில்லுகள்) செய்கின்றன. அங்கே ஒரு குறுக்கீட்டின் தரவு அளவு மிகச் சிறியது, எலக்ட்ரானிக்ஸில் பெரும்பகுதியைத் துகள் பாதைக்கு வெளியே ஒதுக்கவும் இடம் இருக்கிறது. ஆனால் அங்கேயும் எல்லாம் டிஸ்க்குக்குப் போவதில்லை.