விசுவாசம் போதாமல் போனதா?

அன்புள்ள ஐயா,

எங்கள் அம்மா புற்றுநோயோடு ஒன்பது மாதம் கிடந்து, போன மாசியில் மரித்துப்போனார். வெள்ளவத்தையிலிருந்து மகரகம ஆஸ்பத்திரிக்கு அவரோடு அலைந்தது நான்தான். முப்பத்தோராம் நாள் ஜெபத்துக்கு வந்த ஒருவர், "இந்த வீட்டில் யாருக்கோ விசுவாசம் போதவில்லை, இல்லாவிட்டால் சுகம் கிடைத்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்கு ஜெபம் வருவதில்லை. ஞாயிறு கோயிலுக்குப் போகிறேன், பாட வாய் திறப்பதில்லை. அப்பமும் இரசமும் கொடுக்கும் திருவிருந்து தொடங்கும்போது எழுந்து வெளியே வந்துவிடுகிறேன். அம்மாவின் பாட்டுப் புத்தகம் அலுமாரியில் கிடக்கிறது, தொட முடியவில்லை. இப்படி இருக்கும் நான் திருவிருந்து எடுக்கலாமா?

பெயர் வேண்டாம், ஐயா.

அன்புள்ள சகோதரி,

உங்கள் அம்மாவின் மரணத்துக்கும் உங்கள் விசுவாசத்தின் அளவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

வேதத்தையே பாருங்கள். பவுலின் கையால் எத்தனையோ நோயாளிகள் சுகமானார்கள். அதே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியுள்ளவனாக விட்டுவந்தேன் என்கிறார். ஒரே வரி, விளக்கம் இல்லை, யார்மேலும் பழி இல்லை. தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க அவர் மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. தாயைப் பறிகொடுத்து ஒரு மாதமேயான பிள்ளையின் வீட்டுக்குள் நின்று அப்படிச் சொன்னவர் இந்த வரிகளை ஒருமுறை வாசித்திருக்கலாம். அவர் சொன்னது கொடுமை. அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

நாம் லுத்தரன்கள். நம் சபைக்குப் பெயர் தந்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரின் வீட்டிலேயே இது நடந்தது. 1542 செப்டம்பரில் அவருடைய மகள் மக்தலேனா பதின்மூன்று வயதில், தகப்பனின் கைகளிலேயே உயிர்விட்டாள். அவர் கட்டிலருகே அழுது ஜெபித்தார், பிள்ளை பிழைக்கவில்லை. சில நாள் கழித்து நண்பர் ஒருவருக்கு எழுதினார்: அவள் நல்ல முடிவைக் கண்டாள், நாங்கள் நன்றி சொல்ல வேண்டியவர்கள்தான், ஆனால் எனக்கும் மனைவிக்கும் அழாமல் அந்த நன்றியைச் சொல்ல முடியவில்லை, அவளுடைய முகமும் பேச்சும் நெஞ்சுக்குள் அப்படிப் பதிந்து கிடக்கின்றன என்று. இந்தக் கடிதத்தின் சாரத்தைப் படித்த நாளில் நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

திடப்படுத்தலுக்குப் படித்த சின்ன ஞானோபதேசம், அந்தக் கேள்வி பதில் பாடம், நினைவிருக்கிறதா? 1529இல் லுத்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் எளிய சனங்களுக்கும் என்று எழுதியது. விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதிக்கு அவர் தரும் விளக்கம், என் சொந்தப் புத்தியாலோ பெலத்தாலோ இயேசு கிறிஸ்துவை விசுவாசிக்கவோ அவரிடம் வரவோ என்னால் முடியாது என்றுதான் தொடங்கும். பரிசுத்த ஆவியானவர்தான் சுவிசேஷத்தால் அழைத்து, விசுவாசத்திலே காத்துக்கொள்கிறார் என்று போகும். சின்ன வயதில் கடகடவென்று ஒப்புவித்தோம். அந்த "முடியாது" எதற்கு என்று இப்போது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில், திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் தூக்கிவந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். படுத்துக் கிடந்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை. இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் எழுதியிருக்கிறது. சபை எதற்கு என்று கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

என் அப்பா போனபோது எனக்கும் பல வாரம் பாட்டு வரவில்லை. பக்கத்தில் ஒரு வயதான அம்மா உட்காருவார், குரல் உடைந்த குரல். என்னிடம் ஒன்றும் கதைக்க மாட்டார். தன் பாட்டுப் புத்தகத்தைச் சரித்து எனக்கும் தெரியும்படி பிடித்து, வரிக்கு வரி விரலை வைத்துப் பாடுவார். கடற்கரைப் பக்கம் ரயில் போகும்போது பாட்டு ஒன்றும் கேட்காது. அந்த நேரம் விரலை ஒரு சொல்லின் மேல் வைத்தபடி காத்திருப்பார். சத்தம் போனதும் அதே சொல்லிலிருந்து தொடர்வார். பாடியது அவர், ஆனாலும் நானும் அந்தப் பாட்டுக்குள்தான் இருந்தேன். ஜெபம் வராத நாளில் 88ஆம் சங்கீதத்தை எடுத்து வாசியுங்கள். கதறலிலே தொடங்கி இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. அதையும் ஜெபமென்றுதான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

சரி, திருவிருந்து. தாராளமாக எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். "உங்களுக்காகக் கொடுக்கப்படுகிற என்னுடைய சரீரம்" என்ற சொல்லுக்குள் நீங்களும் உண்டு. பெலவீனத்தை உணர்கிறவர்கள் விலகி நிற்காமல் வரவேண்டும் என்று லுத்தர் பெரிய ஞானோபதேசத்தில் திரும்பத் திரும்பக் கெஞ்சுகிறார். பசியோடிருப்பவருக்குத்தானே சாப்பாடு. நோயுற்ற மகனுக்காக இயேசுவிடம் வந்த தகப்பன் "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறியபோது, விசுவாசம் வளர்ந்ததும் வா என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

உங்கள் போதகரிடம் ஒருநாள் ஆறுதலாக உட்கார்ந்து, அந்த மனிதர் சொன்னதைச் சொல்லுங்கள். வருகிற ஞாயிறு எழுந்து வெளியே போகாதீர்கள். முழங்காலிட்டுக் கையை நீட்டுங்கள், அது போதும். அம்மாவின் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வந்த யாராவது பக்கத்தில் இருப்பார்கள், அவர்களுக்குப் பிடித்துக் காட்டலாம்.

அன்புடன்.