எல்லை ஊர்களில் சுற்றுச்சூழல் மருத்துவர் என்ன ஆராய்கிறார்?

பிலிப் லாண்ட்ரிகனைப் பாருங்கள். குழந்தை மருத்துவர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்காக, மெக்சிகோ எல்லையிலுள்ள எல் பாசோவின் ஈய உருக்காலைச் சுற்றுப்புறத்தை ஆராய்ந்தார். 1.6 கிலோமீட்டருக்குள் வசித்த 1–9 வயதுக் குழந்தைகளில் 53 சதவீதத்தினரின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தது. இன்றைய அமெரிக்க எச்சரிக்கை அளவு வெறும் 3.5! காற்றையும் வீட்டுத் தூசியையும் சோதித்ததுதான் கெட்டிக்காரத்தனம். இல்லாவிட்டால் வீடுகளில் பூசிய, ஈயம் கலந்த பழைய பெயின்ட்டின்மேல் பழியைப் போட்டுவிடலாம். 1985இல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரிக்குப் போனார்.

இந்த வேலையில் சறுக்குவது பெரும்பாலும் ரத்த மாதிரியில்தான். விரலில் குத்தி எடுக்கும்போது தோலில் ஒட்டிய தூசி கலந்தால் அளவு பொய்யாக ஏறும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குத்த வேண்டும். அப்படியும் கூடுதலாக வந்தால் சிரையிலிருந்து ரத்தம் எடுத்து உறுதிசெய்ய வேண்டும்.