கணினிக் கணிப்பில் வந்த உச்ச லிஃப்ட் (தூக்குவிசை) காற்றுச்சுரங்கச் சோதனையோடு பொருந்திவிட்டது. கைடு ஏன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை?

நான் உங்கள் கைடு பக்கம். ஸ்லாட்டும் (முன்விளிம்புத் தகடு, slat) ஃப்ளாப்பும் (பின்விளிம்புத் தகடு) இறக்கிய இறக்கையை ரான்ஸில், அதாவது கொந்தளிப்பைச் சராசரியாக்கிக் கணக்கிடும் முறையில் (RANS) ஓட்டியிருப்பீர்கள், கொந்தளிப்புக்கு ஸ்பலார்ட்-ஆல்மராஸ் மாடலாகத்தான் இருக்கும். உச்ச லிஃப்ட் கெழு ஒட்டி வந்ததும் வேலை முடிந்ததென்று நினைத்துவிட்டீர்கள். பிட்சிங் மொமென்ட், அதாவது மூக்கைத் தூக்கும் அல்லது இறக்கும் திருப்புத்திறன், என்ன ஆனது? உங்கள் கேள்வியில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

இதே காரணத்துக்காக நான் ஒரு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மறுத்திருக்கிறேன். லிஃப்ட் வளைவு சோதனைப் புள்ளிகள் மேலேயே படிந்திருந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. மொமென்ட் வளைவு மட்டும் ரிப்போர்ட்டில் இல்லை. கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஸ்டாலை (ஓட்டம் இறக்கையை விட்டுப் பிரிந்து லிஃப்ட் விழும் நிலை) தாண்டியதும் சுரங்கத்தில் மூக்கு கீழே போகிறது, கணிப்பில் மேலே எழும்புகிறது. "நாளைக்கு ரிவ்யூ, இப்போது இதைக் கிளறாதீர்கள்" என்றார்கள். நான் விடவில்லை.

சுரங்கத்தில் இறக்கைமேல் எண்ணெய் பூசி எடுத்த ஆயில் ஃப்ளோ புகைப்படத்தையும், மேற்பரப்பை ஒட்டி ஓட்டம் போகும் திசையைக் காட்டும் கணிப்பின் உராய்வுக் கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கணிப்பில், இறக்கை நுனிப் பக்கம், ஸ்லாட் பிராக்கெட்டுகளுக்குப் பின்னால் ஆப்பு வடிவில் ஓட்டம் பிரிந்து கிடந்தது. பீட்சா துண்டு என்று இந்தத் துறையில் சொல்வது இதைத்தான். புகைப்படத்தில் அதே இடத்தில் எண்ணெய்க் கோடுகள் ஒழுங்காகப் பின்விளிம்பு வரை ஓடியிருந்தன. அங்கே ஓட்டம் பிரிந்து சுழன்றது இறக்கை உடலோடு சேரும் இடத்தில். கணிப்பு நுனிப் பக்கம் பொய்யாக இழந்த லிஃப்டும் உடல் பக்கம் இழக்காமல் விட்ட லிஃப்டும் கூட்டுத்தொகையில் சரிக்கட்டிக்கொண்டன. பின்சாய்ந்த இறக்கையில் நுனி முதலில் ஸ்டால் ஆனால் லிஃப்ட் மையம் முன்னால் நகரும், மூக்கு தூக்கும். விமானிக்கு இது சின்ன வித்தியாசமா?

ரான்ஸே வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சண்டைக்கு வராதீர்கள். க்ரூஸ் நிலையில் நானும் அதைத்தான் ஓட்டுகிறேன். ஆனால் அமெரிக்க விமான, விண்வெளிப் பொறியாளர் சங்கமான ஏஐஏஏ 2010-ல் தொடங்கிய ஹை லிஃப்ட் பிரெடிக்‌ஷன் வொர்க்‌ஷாப்பின் நான்காவது சுற்று, 2022-ல் நடந்தது, அதன் முடிவுகளைப் படியுங்கள். எல்லோரும் ஓட்டியது சிஆர்எம்-ஹெச்எல் (CRM-HL) என்ற ஒரே பொது விமான வடிவம். உச்ச லிஃப்ட் அருகே ரான்ஸ் விடைகள் சிதறின. எண் பொருந்திய சிலவற்றிலும் ஓட்டம் தவறான இடத்தில் பிரிந்திருந்தது. பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிட்டு, சுவரை ஒட்டிய ஓட்டத்துக்கு மட்டும் மாடல் வைக்கும் வால்-மாடல்டு எல்இஎஸ் (wall-modeled LES) அந்தப் பகுதியில் தெளிவாக மேல். செலவு அதிகம், எல்லோருக்கும் கட்டாது, தெரியும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். பிராக்கெட்டைச் சுற்றியும் ஸ்லாட் இடுக்கிலும் மெஷ் (கணக்கிடுவதற்கான கண்ணி வலை) போடுபவர்தான் இந்த வேலையின் பாதியைச் சுமக்கிறார். நான் இருந்த இடத்தில் கட்டுரை வெளியானபோது அவர் பெயர் ஆசிரியர் பட்டியலில் இல்லை, நன்றியுரையிலும் இல்லை. இன்றைக்கும் ஆறவில்லை எனக்கு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டாலுக்கு அருகே உள்ள கோணங்களை இரண்டு விதமாக ஓட்டுங்கள்: ஒருமுறை சீரான ஓட்டத்திலிருந்து, ஒருமுறை முந்தைய கோணத்தின் தீர்விலிருந்து. இரண்டும் வேறு விடை தந்தால், பொருந்திய எண் எந்த ஓட்டத்தினுடையது என்று கைடு கேட்பார். அதற்கு முன் மொமென்ட் வளைவையும் உராய்வுக் கோட்டுப் படத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.