ரெட்ரோவைரஸ் என்றால் என்ன? எச்ஐவியை அப்படி எப்படி அடையாளம் கண்டார்கள்?

நம் செல்லில் மூலப் பத்திரம் டிஎன்ஏ. அதிலிருந்து அன்றாட வேலைக்கு எடுக்கும் ஜெராக்ஸ்தான் ஆர்என்ஏ. ரெட்ரோவைரஸ் இதற்குத் தலைகீழ். ஜெராக்ஸோடு உள்ளே நுழைந்து, அதை வைத்து ஒரு மூலத்தையே தயாரித்து, நம் பத்திரக் கட்டுக்குள் செருகிவிடும். அப்புறம் செல்லுக்கு எது தன்னுடையது என்றே தெரியாது. எச்ஐவியை உடம்பிலிருந்து முழுசாக நீக்க முடியாமல் திணறுவது இதனால்தான். (‘ரெட்ரோ’ என்றால் இங்கே பழைய பாட்டு இல்லை, பின்னோக்கி என்று பொருள்.)

இந்தத் தலைகீழ் வேலையைச் செய்யும் நொதிதான் வைரஸைக் காட்டிக்கொடுத்தது. எலிகளின் ரெட்ரோவைரஸ்களோடு 1970களிலிருந்தே பழகியவர் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் பிரான்சுவாஸ் பாரே-சினூசி. 1983 ஜனவரியில் ஒரு நோயாளியின் நிணநீர்க் கணுவிலிருந்து வளர்த்த செல்களில் அவர் குழு அந்த நொதியைத் தேடியது. நொதி தென்பட்டது, ஆனால் செல்கள் சாகத் தொடங்கின. ரத்த வங்கியிலிருந்து புது வெள்ளணுக்களைக் கொண்டுவந்து சேர்த்துத்தான் வைரஸைத் தக்கவைத்தார்கள். அவருக்கும் அதே நிறுவனத்தில் அவரோடு வேலை செய்த லுக் மோன்டான்யேவுக்கும் 2008இல் நோபல் கிடைத்தது.

எச்ஐவியும் எய்ட்ஸும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். எச்ஐவி என்பது வைரஸ், எய்ட்ஸ் என்பது அது எதிர்ப்புச் சக்தியை அரித்த பிறகு வரும் நிலை, நேரத்தோடு மாத்திரை தொடங்கி விடாமல் சாப்பிடுபவர்களில் பெரும்பாலோர் அந்த நிலைக்குப் போவதே இல்லை.