புதிரும் கருவும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சதுரங்கப் புதிர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படித்துவருகிறேன். முப்பது வருடங்களாகப் புதிர்களை விடுவிக்கிறேன். இதுவரை ஒன்றைக்கூட அமைத்ததில்லை. சமீபகாலமாக ஒரு சலிப்பு. எந்தப் புதிரைப் பார்த்தாலும் அடியில் யாரோ ஒருவர் பெயரில் ஒரு கரு, அதாவது அந்தப் புதிர் கட்டப்பட்ட எண்ணம்: கிரிம்ஷா, நொவோட்னி, பாப்ஸன், லாச்னி. பூச்சிகளைக் குண்டூசியால் குத்திப் பெயர் எழுதி வைத்ததுபோல் இருக்கிறது. வேண்டிய கருக்களையெல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள், இனி வருவது பழையவற்றின் கலவைதானே? போதாததற்குக் கணினி வேறு வந்துவிட்டது. இந்தத் துறையில் புதுமை என்று இன்னும் எதைச் சொல்வீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குண்டூசி உவமையை ரசித்தேன். ஆனால் அந்தப் பூச்சிகளில் பெரும்பாலானவை குத்தப்பட்ட பிறகுதான் பறக்கத் தொடங்கின என்பது என் எண்ணம்.

நீங்கள் சொன்னவற்றுக்கெல்லாம் மூத்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1845இல் ‘ஷாகிர்த்’ என்ற புனைபெயரில் ஒரு புதிர் இங்கிலாந்தின் சதுரங்க இதழ் ஒன்றில் வெளியானது. ஷாகிர்த் என்றால் மாணவன். அனுப்பியவர் இந்தியாவில் பணியாற்றிய ஹென்றி அகஸ்டஸ் லவ்டே என்ற ஆங்கிலேயப் பாதிரியார். கறுப்பு எப்படி ஆடினாலும் வெள்ளை நான்கு நகர்வில் மேட் செய்ய வேண்டும், அதாவது ராஜாவைத் தப்ப வழியில்லாமல் பிடிக்க வேண்டும். கறுப்பு ராஜா ஈ4இல் (கட்டங்களை இப்படி எழுத்தும் எண்ணுமாகக் குறிப்பது வழக்கம்) அடைபட்டு நிற்கிறது, நகர இடமில்லை. கறுப்புக்கு மிச்சமிருப்பது சில சிப்பாய் நகர்வுகள் மட்டுமே. அவை தீர்ந்துவிட்டால் ஸ்டேல்மேட், ஆட்டம் சமன். வெள்ளை என்ன செய்கிறது? தொலைவில் இருக்கும் பிஷப்பை டி2 கட்டத்தைத் தாண்டிப் பின்னுக்கு இழுத்து, சி1இல் கொண்டுபோய் வைக்கிறது. பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. பிறகு யானை டி2க்கு வந்து, தன் பிஷப்பின் வழியைத் தானே மறித்து நிற்கிறது. மறித்ததால் எஃப்4 கட்டம் திறக்கிறது. கறுப்பு ராஜாவுக்கு இருக்கும் ஒரே நகர்வு அது, அங்கே போயாக வேண்டும். போனதும் யானை டி4க்குப் பாய்கிறது. பின்னால் காத்திருந்த பிஷப்பும் முன்னால் வந்த யானையும் சேர்ந்து இரட்டைச் செக், மேட்.

இதில் அழகான நகர்வு கடைசியில் வருவதில்லை. காரணம் தெரியாமல் பின்னால் போனதே, அந்த முதல் நகர்வுதான் அழகு. யானை பிற்பாடு வந்து நிற்கப்போகும் கட்டத்தை பிஷப் முன்கூட்டியே தாண்டி வைக்கிறது.

ஒன்று சொல்லட்டுமா? அந்தப் புதிர் ஓட்டை. அமைத்தவர் நினைத்த வழியைத் தவிர வேறு வழிகளிலும் மேட் செய்யலாம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். கரு மட்டும் சாகவில்லை. 1903இல் கோட்ஸ், கோக்கல்கோர்ன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் ‘இந்தியப் புதிர்’ என்ற பெயரில் ஒரு நூலே எழுதினார்கள். ஒரு நகர்வின் நோக்கம் கலப்படமில்லாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கறாரான பார்வை அதிலிருந்து வளர்ந்தது. பெயர் சூட்டியதால் கதை முடிந்துவிடவில்லை. பெயர் இருந்ததால்தான் அடுத்தவர் அதைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்க்க முடிந்தது.

எப்படித் திருப்பினார்கள் என்று பாருங்கள். லவ்டே தன் காயைத் தானே மறித்தார். கறுப்புக் காய்கள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டால்? 1850இல் வால்டர் கிரிம்ஷா அதைச் செய்தார்: யானை வந்தால் பிஷப்பின் வழி அடைபடும், பிஷப் வந்தால் யானையின் வழி. சரி, வெள்ளையே ஒரு காயை அந்தச் சந்திப்பில் பலியாகப் போட்டு, எது வெட்டினாலும் மற்றது அடைபடும்படி செய்தால்? அது 1854இல் நொவோட்னி. பத்து வருடங்களுக்குள் ஒரே எண்ணத்துக்கு மூன்று முகங்கள். இதை நீங்கள் கலவை என்பீர்கள். எனக்கு இது வாக்குவாதம்போல் படுகிறது.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் லாச்னிதான். 1949 வரை புதுமை என்றால் பெரும்பாலும் காய்கள் பலகையில் செய்யும் வித்தை. அந்த வருடம் ஸ்லோவாக்கியரான லுடோவிட் லாச்னி வேறொன்றைக் காட்டினார். ஓர் இரண்டு நகர்வுப் புதிர். முதல் நகர்வை ஆடுவதற்கு முன்னால், கறுப்பின் மூன்று தற்காப்புகளுக்கு மூன்று மேட்கள் தயாராக இருக்கின்றன. முதல் நகர்வு ஆடப்பட்டதும் அதே மூன்று தற்காப்புகள், அதே மூன்று மேட்கள், ஆனால் ஜோடிகள் இடம் மாறிவிட்டன. முதலாவதுக்கு இரண்டாவதன் மேட், இரண்டாவதுக்கு மூன்றாவதன் மேட், மூன்றாவதுக்கு முதலாவதன் மேட். எந்த ஒரு நகர்வையும் சுட்டிக்காட்டி ‘இதுதான் கரு’ என்று சொல்ல முடியாது. நகர்வுகளுக்கு இடையிலான உறவுதான் கரு. இதற்குப் பிறகு வந்தவர்களுக்குத் திறந்த வெளி பெரியது. விடுவிப்பவருக்கு இது கொஞ்சம் வறட்சியாக இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். நடக்காத ஆட்டத்தையும் நடந்த ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ருசி.

பாப்ஸன் வேறு ரகம். ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வார்கள் அல்லவா, அதுபோல 1884இல் ஜோசப் பாப்ஸன் ஓர் ஈற்றடி கொடுத்தார். கடைசிக் கட்டத்தை எட்டிய கறுப்புச் சிப்பாய் ராணியானால் வெள்ளைச் சிப்பாயும் ராணியாக வேண்டும்; யானையானால் யானை, பிஷப்பானால் பிஷப், குதிரையானால் குதிரை. வெள்ளைச் சிப்பாய் வேறெதுவாக மாறினாலும் மேட் கிடைக்கக் கூடாது. தன்னையே மேட் செய்யவைக்கும் தலைகீழ்ப் புதிர்களில் இதைச் சாதித்தார்கள். நேரடி மேட்டில் முடியவில்லை. இருபது வருடங்களுக்கு மேல் போராடிய பிரெஞ்சுக்காரர் பியேர் துருமார், இது திருப்தியாக அமையவே அமையாது என்று 1982இல் எழுதினார். அடுத்த வருடமே கஸானைச் சேர்ந்த லியோனிட் யாரோஷ் நான்கு நகர்வில் அமைத்துக் காட்டினார். அதில் முதல் நகர்வு ஒரு காயை வெட்டுவதாக இருந்தது. புதிர்க்காரர்களுக்கு அது முரட்டுத்தனம். சில மாதங்களில் அதையும் சரிசெய்துவிட்டார். சாதனைக்காகவே காய்களைக் குவிக்கும் புதிர்கள்மேல் எனக்குப் பொதுவாக மரியாதை குறைவு. யாரோஷிடம் மட்டும் வாயடைத்துப்போனேன்.

கணினியைப் பற்றி நீட்ட வேண்டாம். மூன்று மாதம் உட்கார்ந்து நான் அமைத்த ஒரு புதிரைப் போன வருடம் அதில் இட்டேன். கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றுத் தீர்வு ஒன்றைத் தூக்கிப் போட்டது. கோபம் வந்தது, பிறகு நன்றி வந்தது. லவ்டேக்கு அந்த வசதி இருந்ததில்லை. ஓட்டையை அது காட்டும். எதற்காக மூன்று மாதம் உட்கார்ந்தேன் என்பது அதற்குத் தெரியாது.

விடுவிப்பவன் மட்டுமே என்று உங்களைக் குறைத்துச் சொல்லியிருக்கிறீர்கள். 1895இல் கிளாஸ்கோவில் ஒரு வார இதழில் பார்பியே என்பவர் ஒரு நிலையை வெளியிட்டார். கறுப்பு ராஜா ஏ1, யானை டி5. வெள்ளை ராஜா பி6, சிப்பாய் சி7. கறுப்பு ஆடி சமன் செய்யும் என்பது அவர் தீர்வு. யானை டி வரிசையிலேயே நின்று செக் கொடுத்துக்கொண்டு வரும், வெள்ளை ராஜா பி5, பி4, பி3 என்று இறங்கி சி2க்கு வரும். அப்போது யானை டி4க்குப் போகும். சிப்பாய் ராணியானால் யானை சி4இல் செக், ராணி வெட்ட, ஸ்டேல்மேட். எல்லோரும் அங்கே நிறுத்திக்கொண்டார்கள். பெர்னாண்டோ ஸாவேத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார் மட்டும் நிறுத்தவில்லை. அவர் சிப்பாயை யானையாக்கினார். ஏ8இல் மேட் மிரட்டல். கறுப்பு யானை ஏ4க்கு ஓடித் தடுத்தாக வேண்டும். வெள்ளை ராஜா பி3. கறுப்பு யானையும் போகிறது, சி1இல் மேட்டும் காத்திருக்கிறது.

இன்று அந்த நிலைக்கு அமைத்தவர் பெயர் இல்லை, ஸாவேத்ராவின் பெயர்தான்.

அன்புடன்.