மாங்கா எழுதுபவர் ஆணா பெண்ணா என்பது கதையை மாற்றுமா?

ஆண் எழுதினால் சண்டைக் கதை, பெண் எழுதினால் காதல் கதை என்று ஜப்பானியச் சித்திரக்கதையான மாங்காவைப் பிரித்துவிட முடியுமா, எழுதியவரின் பாலினம் கதை சொல்லும் விதத்தில் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே விஷயத்தில் நான் ஒருமுறை பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கல்லூரி இரண்டாம் ஆண்டு. விடுதியில் ஒரு ஹார்ட் டிஸ்க் அறை அறையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் என்ற மாங்காவின் 27 தொகுதிகளும் இருந்தன. ஒரு கையும் ஒரு காலும் இழந்த அண்ணன், உடம்பையே இழந்து வெற்று இரும்புக் கவசத்தில் உயிரை மட்டும் ஒட்டவைத்துக்கொண்டிருக்கும் தம்பி, ராணுவச் சதி, இனப்படுகொலை, நடுநடுவே சரமாரியாக அடிதடி. பரீட்சைக்குக்கூட அப்படிக் கண்விழித்ததில்லை. எதிர் அறைக்காரன் ஒருநாள், "இதை எழுதினது ஒரு பொம்பளை, தெரியுமா?" என்றான். "சும்மா இரு, ஹிரோமுன்னா ஆம்பளைப் பேரு" என்றேன், எங்கோ பொறுக்கிய அரைகுறை ஞானத்தில். நான்கு புரோட்டா பந்தயம்.

தோற்றேன். ஹிரோமு அரகாவா 1973இல் ஹொக்கைடோ தீவில் ஒரு பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்த பெண். இயற்பெயர் ஹிரோமி. 'மி'யை 'மு' ஆக்கியதும் ஆண் பெயராகிவிட்டது. 2001இல் சிறுவர் இதழ் ஒன்றில் தொடங்கி 2010 வரை அந்தப் பெயரிலேயே இந்தக் கதையை எழுதினார். நம்மூர் வாரப் பத்திரிகைகளில் இது தலைகீழாக நடந்திருக்கிறது. ரங்கராஜன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார், ஸ்ரீவேணுகோபாலன் புஷ்பா தங்கதுரை ஆனார்.

தோற்ற எரிச்சலில்தான் மாங்காவைப் பிரிக்கும் வகைப் பெயர்களை எல்லாம் தேடிப் படித்தேன். ஷோனென் என்றால் சிறுவன், ஷோஜோ என்றால் சிறுமி, செய்னென் என்றால் இளைஞன், ஜோசெய் என்றால் பெண். நாம் இவற்றைக் கதை வகைகள் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இவை அந்தக் கதை வெளிவரும் இதழ் யாருக்காக அச்சாகிறது என்பதைச் சொல்லும் பெயர்கள். எழுதுபவரைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. இதழ்களின் பிடி சாதாரணமானதும் அல்ல. 1995 வாக்கில் வாரத்துக்கு 65 லட்சம் பிரதிகள் அச்சடித்த ஷோனென் ஜம்ப்பில், பிடித்த கதைகளைக் குறித்து வாசகர்கள் அனுப்பும் அஞ்சலட்டைகள்தான் ஒரு தொடர் வாழ்வதையும் சாவதையும் தீர்மானித்தன. ஆணோ பெண்ணோ, அஞ்சலட்டை வராவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆகவே ஒரு கதையில் சண்டை அதிகமா காதல் அதிகமா என்பதற்கு, எழுதியவரைவிட அது வந்த இதழைக் கேட்டால் சரியான பதில் கிடைக்கும்.

சரி, அப்படியானால் பாலினத்துக்கு இதில் வேலையே இல்லையா? இருக்கிறது. அதைப் பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஏறக்குறைய ஒரே கதையை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் எப்படி எழுதினார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது.

1953இல் ஒசாமு தெஸுகா சிறுமியர் இதழ் ஒன்றில் 'ரிபோன் நோ கிஷி' என்ற தொடரைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் சிறுமியருக்கான கதைகளையும் பெரும்பாலும் ஆண்கள்தான் வரைந்தார்கள். ஷோஜோ என்றதும் நம் நினைவுக்கு வரும் அந்த நட்சத்திரம் மின்னும் பெரிய கண்கள் உருவானதில் தெஸுகாவுக்கும் மகோதோ தகாஹாஷிக்கும் முக்கியப் பங்கு உண்டு. இருவரும் ஆண்கள். தெஸுகாவின் கதாநாயகி சஃபையர் ஓர் இளவரசி. ஆண் வாரிசுக்கு மட்டுமே அரியணை என்பதால் அவளை இளவரசனாக வளர்க்கிறார்கள். பிறப்பதற்கு முன்பே ஒரு குட்டித் தேவதூதனின் குறும்பால் அவளுக்குள் ஆண் இதயம், பெண் இதயம் இரண்டும் போய்விடுகின்றன. ஆண் இதயம் இருக்கும்வரை வாள் வீசுவாள். அதை எடுத்துவிட்டால் கையில் வலு போய்விடும். கடைசியில் கல்யாணம்.

19 ஆண்டுகள் கழித்து, 1972இல், ரியோகோ இகேதா மார்கரெட் இதழில் 'வெர்சாய் ரோஜா'வைத் தொடங்கினார். பிரெஞ்சுப் புரட்சிதான் களம். அரசி மாரி அந்துவானெத்தின் கதையாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் அரசியின் காவற்படைத் தலைவியாக வந்த ஆஸ்கர் என்ற பெண் கதையையே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆஸ்கரும் ஆணாக வளர்க்கப்பட்டவள்தான். பெண் குழந்தைகளாகவே பிறந்ததில் சலித்துப்போன தளபதி அப்பா, கடைக்குட்டியை மகனாக வளர்த்துவிட்டார். ஆனால் ஆஸ்கருக்கு இரண்டாவது இதயம் எதுவும் இல்லை. வாள் வீசுவது அவள் கற்றுக்கொண்ட தொழில், அவ்வளவுதான். அதை எந்தத் தேவதூதனும் வந்து எடுத்துப்போக முடியாது.

இந்த ஒரு மாற்றத்திலிருந்து கதை எங்கெங்கோ போய்விடுகிறது. படைவீரர்கள் பெண்ணிடம் கட்டளை வாங்க மாட்டோம் என்று முரண்டு பிடிக்கிறார்கள். வேலைக்குப் போகும் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த காட்சி அது. தனக்கு வரன் பார்ப்பதற்காக அப்பா ஏற்பாடு செய்த விருந்துக்கு ஆஸ்கர் ராணுவ உடையிலேயே போய் நிற்கிறாள். ஒரே ஒருமுறை, தன்னை நண்பனாக மட்டுமே பார்க்கும் ஒருவனுடன் நடனமாடுவதற்காக, கவுன் அணிகிறாள். அதற்கும் பலன் இல்லை. முடிவில் திருமணம் இல்லை. அரசரின் பக்கத்தை விட்டு மக்கள் பக்கம் சேர்ந்து, பாஸ்தீ சிறைக்கோட்டைத் தாக்குதலில் குண்டடி பட்டுச் சாகிறாள்.

தெஸுகாவைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் போட்ட பாதையில்தான் இகேதா நடந்தார். ஆனால் பெண்ணுக்குள் வலு எங்கிருந்து வந்தது என்று ஆண் எழுத்தாளருக்கு ஒரு விளக்கம் தேவைப்பட்டது. பெண் எழுத்தாளருக்கு அது விளக்கம் தேவையில்லாத விஷயம். அந்த வலுவோடு ஒருத்தி எங்கே போய் நிற்பாள், யார் ஒப்புக்கொள்வார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. பாலினம் தெரியும் இடம் இதுதான் என்பது என் எண்ணம்: எதை விளக்குகிறார்கள், எதை விளக்காமல் விடுகிறார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. தெஸுகா வளர்ந்த தகாராஸுகா ஊரில் பெண்களே ஆண் வேடமும் கட்டும் நாடகக் குழு புகழ்பெற்றது. சஃபையர் பிறந்தது அந்த நாடகங்களைப் பார்த்து. 1974இல் ஆஸ்கர் மேடையேறியதும் அதே குழுவில்தான்.

இகேதாவின் தலைமுறைப் பெண்கள்தான் எழுபதுகளில் ஷோஜோவை ஆண்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். மோட்டோ ஹாகியோவும் கெய்கோ தகேமியாவும் டோக்கியோவின் நெரிமா பகுதியில் ஒரு வாடகை வீட்டில் தங்கி வரைந்தார்கள். ஹாகியோ 1971இல் ஒரு விடுதிப் பள்ளிக் கதையை முதலில் பெண்கள் பள்ளியாக யோசித்துப் பார்த்துவிட்டு, பிறகு ஆண்கள் பள்ளியாக மாற்றினார். பாத்திரங்கள் பையன்களானதும் கை கட்டவிழ்ந்தது போல வரைய முடிந்ததாம். எனக்கு இது ரொம்ப நாள் புரியவில்லை. பெண்களுக்காகப் பெண் எழுதும் கதையில் ஏன் பையன்கள்? பெண் பாத்திரத்தை வரைந்தாலே "இப்படி உட்காராதே, அப்படிச் சிரிக்காதே" என்ற குரல்களும் கூடவே வந்துவிடுகின்றன. பையனை வரைந்தால் அந்தக் குரல்கள் வாசலோடு நின்றுவிடுகின்றன. தகேமியாவின் 'காற்றும் மரமும் பாடும் பாட்டு' இன்னும் ஒரு படி போய், பையன்களுக்கு இடையிலான காமத்தைப் பேசியது. இதழ் அதை வெளியிடச் சம்மதிக்கப் பல ஆண்டுகள் காத்திருந்து 1976இல்தான் தொடங்க முடிந்தது. இன்றைக்கு ஒரு தனி வகையாகவே வளர்ந்து நிற்கும் ஆண்-ஆண் காதல் மாங்காவுக்கு அந்த வீட்டில் ஒரு வேர் இருக்கிறது.

என் புரோட்டாவுக்குத் திரும்புகிறேன். "பொம்பளை எழுதினதுன்னு எங்கே தெரியுதாம்?" என்று நான் விடாமல் வாதாடினேன். இரண்டாம் முறை படித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. நான்காவது, ஐந்தாவது தொகுதி வாக்கில், இயந்திரக் கைகால் செய்யும் ஊருக்கு அண்ணன் தம்பி இருவரும் தோழி வின்ரியோடு போகிறார்கள். ஓர் இரவு, கொட்டும் மழையில், அங்கே ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்துவிடுகிறது. பாலம் அறுந்து கிடக்கிறது, மருத்துவர் நேரத்துக்கு வந்துசேர வழியில்லை. அண்ணன் எட்வர்ட் தன் ரசவாத வித்தையால் ஒரு பாலம் கட்டிப் பார்க்கிறான், இடிந்து விழுகிறது. அங்கிருக்கும் ஆண்கள் வாசலில் தவிக்கிறார்கள். மருத்துவர்களான பெற்றோரின் புத்தகங்களைச் சிறுவயதில் புரட்டிய நினைவை மட்டும் வைத்துக்கொண்டு, வின்ரி பிரசவம் பார்க்கிறாள்.

முதல் முறை இதை 'நடுவில் வரும் நிரப்பு அத்தியாயம்' என்று வேகமாகப் புரட்டியிருந்தேன். கதையின் அடித்தளமே, செத்துப்போன அம்மாவைத் தண்ணீர், கரி, உப்பு என்று எடை போட்டுக் கலந்து மீண்டும் உருவாக்க முயன்று இரண்டு பையன்கள் தோற்ற கதை. அந்தப் பையன்கள் கதவுக்கு வெளியே கைபிசைந்து நிற்க, உள்ளே ஒரு பெண் எந்த வித்தையும் இல்லாமல் ஓர் உயிரை உருவாக்கி முடித்திருக்கிறாள். அது அந்தப் புத்தகத்தின் நடு அச்சு. நான் அதைத் தாண்டிப் போனது என் பிழை.

இன்னொன்று, இசுமி என்ற பாத்திரம். முரடர்களை அடித்துத் துவைத்துவிட்டு, "நான் இந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு இல்லத்தரசி" என்பாள். சிரிப்புக்கான இடம்தான், ஆனால் அவள் இறந்து பிறந்த குழந்தையை மீட்கப் பார்த்துத் தன் உள்ளுறுப்புகளைப் பறிகொடுத்தவள் என்பது பின்னால் தெரியும்போது தொண்டை அடைக்கும்.

இருந்தாலும் எல்லாவற்றையும் பெண் என்பதன் கணக்கில் எழுதிவிட முடியாது. கொல், தின், நீயும் ஒருநாள் தின்னப்படுவாய் என்று அந்தக் கதை முழுக்க ஓடும் நினைப்பு மாட்டுப்பண்ணையில் வளர்ந்தவருடையது. அவரே பிறகு வேளாண் பள்ளி ஒன்றை வைத்து 'வெள்ளிக் கரண்டி' எழுதினார். அதில் நாயகன் ஒரு பன்றிக்குட்டிக்கு ஆசை ஆசையாகப் பெயர் வைத்து வளர்த்து, கடைசியில் இறைச்சியாகத் திரும்ப வாங்குகிறான். அரகாவா தன்னை வரைந்துகொள்வதே கண்ணாடி போட்ட மாடாகத்தான். பால் கறந்த கை என்பது, பெண்ணின் கை என்பதற்குக் குறையாமல் அவர் எழுத்தில் தெரிகிறது.

மாறாக ரூமிகோ தகாஹாஷியைப் பாருங்கள். 1978 முதல் சிறுவர் இதழிலேயே கோலோச்சியவர். முதல் வெற்றித் தொடரிலேயே புலித்தோல் பிகினி போட்ட வேற்றுக்கிரகப் பெண்ணைப் பறக்கவிட்டார். பெண் எழுதினால் நாசூக்காக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பச்சைத் தண்ணீர் பட்டால் பெண்ணாகவும் வெந்நீர் பட்டால் ஆணாகவும் மாறும் ரன்மாவை வைத்து அவர் அடித்த கூத்தில் தத்துவம் எதுவும் தேட வேண்டாம். சிரித்தால் போதும்.

எனக்குப் பிடித்த உதாரணத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ஷோனென் சாம்பியன் என்ற வார இதழில் 1991 முதல் 'பாகி' என்ற சண்டைத் தொடரை எழுதிவருபவர் கெய்சுகே இதகாகி. தசை, தசைக்கு மேல் தசை, உலகத்திலேயே வலியவன் யார் என்ற ஒரே கேள்வி. 2016இல் அதே இதழில் பாரு இதகாகி என்பவர் 'பீஸ்டார்ஸ்' தொடங்கினார். ஊனுண்ணி, தாவர உண்ணி விலங்குகள் ஒன்றாகப் படிக்கும் பள்ளி. பாரு பொது இடங்களுக்குக் கோழித்தலை முகமூடி போட்டுக்கொண்டு வருவார். இவர் கெய்சுகேயின் மகள். சில ஆண்டுகள் அதை வெளியே சொல்லவில்லை.

அப்பாவின் நாயகன் நெஞ்சை நிமிர்த்தி நிற்பவன். மகளின் நாயகன் லெகோஷி என்ற பெரிய சாம்பல்நிற ஓநாய். தன் உருவம் யாரையும் பயமுறுத்திவிடக் கூடாது என்று முதுகைக் கூனிக்கொண்டே நடக்கிறான். அவன் காதலிக்கும் ஹாரு ஒரு குட்டி வெள்ளை முயல். எல்லாரும் தன்னைத் தொட்டால் உடையும் பொருளாகப் பார்ப்பதில் வெறுத்துப்போனவள். படுக்கையில் மட்டும்தான் தன்னைச் சமமாக நடத்துகிறார்கள் என்பதால் பலருடன் போகிறாள், பள்ளி முழுக்கக் கெட்ட பெயர் வாங்குகிறாள். ஒரே வீடு, ஒரே இதழ், இரண்டு கதைகளுக்கும் கரு உடல் வலிமைதான். வலிமையை அப்பா அதை வைத்திருப்பவன் பக்கத்திலிருந்து பார்க்கிறார், மகள் அதற்கு எதிரே நிற்பவள் பக்கத்திலிருந்தும் பார்க்கிறார். இதை முழுக்கப் பாலினம் என்று சொல்வேனா? இரவில் தனியாக நடக்கும்போது பின்னால் கேட்கும் காலடியைக் கணக்குப் போட்டுப் பழகியவர் எழுதிய கதை என்று மட்டும் சொல்வேன்.

அதற்காகப் படித்தவுடன் எழுதியவரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 'டீமன் ஸ்லேயர்' ஆசிரியர் கோயோஹாரு கொதோகே தன்னைக் கண்ணாடி போட்ட முதலையாகவே வரைந்துகொள்கிறார். ஆணா பெண்ணா என்று அதிகாரபூர்வமாக அறிவித்ததில்லை. 23 தொகுதிகளையும் படித்துவிட்டு அடித்துச் சொல்பவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். நான் இந்த முறை பந்தயம் கட்டவில்லை.

நீங்களே பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றால், முதலில் தெஸுகாவின் சஃபையர், உடனே இகேதாவின் ஆஸ்கர். இரண்டும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. களைப்பாக இருந்தால் 'மாத இதழ் சிறுமி நோசாகி-குன்' படியுங்கள். ஆறடிக்கும் மேல் வளர்ந்த, முறைத்த முகத்துப் பள்ளிப் பையன் ஒருவன் பெண் பெயரில் காதல் மாங்கா எழுதிப் புகழ்பெற்றிருப்பான், காதல் என்றால் என்ன என்று அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. எழுதியவர் இசுமி சுபாகி, ஒரு பெண். அந்த எதிர் அறை நண்பனுக்கு அனுப்பினேன். பதிலுக்கு, "நாலு புரோட்டா இன்னும் பாக்கி" என்று எழுதியிருந்தான்.