போதகரைக் கேள்வி கேட்டால் ஒருமை கெட்டுவிடுமா? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பிரசங்கத்தில் ஒரு விஷயம் வேதத்துக்கு ஒத்துவரவில்லை என்று சொன்னேன். “நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே” என்று வசனம் காட்டி வாயை அடைத்துவிட்டார்கள்.

பதில்: சகோதரி, அது சங்கீதம் 105-ல் வருகிறது. முழுதாக வாசியுங்கள். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் பரதேசிகளாய் அலைந்தபோது ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி கர்த்தர் காத்தார் என்பதுதான் அங்கே பேச்சு. போதகரிடம் சந்தேகம் கேட்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரோயா ஊரார் பவுல் போதித்ததையே வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள். அதற்காக அவர்களை நற்குணசாலிகள் என்கிறது அப்போஸ்தலர் 17. அடுத்த முறை எந்த வசனம், எந்த வாக்கியம் என்று குறித்துக்கொண்டு போய் நிதானமாகக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் சபையை நடத்தும் மூப்பர் ஒருவர்மேல் பண விஷயத்தில் புகார் இருக்கிறது. மத்தேயு 18-ன்படி தனியாகப் போய்ப் பேசு, வெளியே சொல்லாதே என்கிறார்கள். சரியா?

பதில்: பாதி சரி. தனியாகப் பேசுவது முதல் படி. கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போக வேண்டும், அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல்ல வேண்டும். கடைசிப் படியைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்! மூப்பர்களைப் பற்றி 1 தீமோத்தேயு 5 தனியாகவே சொல்கிறது: இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் புகாரை ஏற்காதே, பாவம் செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள். முதல் பாதி மூப்பருக்குப் பாதுகாப்பு, இரண்டாவது பாதி சபைக்கு. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, சாப்பிடுவதை விட்டு விலகியபோது, பவுல் எல்லார் முன்பாகவும் கேட்டார். அது நடந்தும் அப்போஸ்தலர்களின் ஐக்கியம் உடைந்துபோகவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, எருசலேமுக்கான காணிக்கையைப் பவுல் தனியாகக் கையாளவில்லை. தன் உடன் ஊழியனாகிய தீத்துவோடு, சபைகள் தெரிந்தெடுத்த சகோதரனையும் கூட்டி அனுப்பினார். யாரும் குற்றம் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் என்று காரணத்தையும் 2 கொரிந்தியர் 8-ல் எழுதியிருக்கிறார். வரவு செலவுக் கணக்கு கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், இந்த அதிகாரத்தை வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சிறுபிள்ளையிடம் தவறாக நடந்துகொண்டார் என்ற புகாருக்கும் இதே மூன்று படிகளா?

பதில்: இல்லவே இல்லை. உடனே போலீசுக்குப் போங்கள். அது குற்றம். பாதிக்கப்பட்ட பிள்ளையை அந்த ஆளிடம் தனியாகப் பேச அனுப்புவது கொடுமை.

கேள்வி: உபதேசம் பேசினால் பிரிவினைதான் வருகிறது. அன்பு மட்டும் போதாதா?

பதில்: தம்பி, கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்று ஆரியு என்ற போதகர் போதித்தபோது, சமாதானம் கெடுமே என்று சபை சும்மா இருக்கவில்லை. கி.பி. 325-ல் நிசேயா நகரில் கூடி, குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்று அறிக்கையிட்டது. அதோடு சண்டை ஓயவில்லை. அதே சத்தியத்துக்காக நின்ற அத்தனாசியு என்ற பேராயர் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். 381-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் மறுபடி கூடித்தான் அதை உறுதிசெய்தார்கள். கிறிஸ்து யார் என்பதில் விட்டுக்கொடுத்தால், பிறகு எதை வைத்து ஒன்றாயிருப்பது?

ஆனால் எல்லாமே நிசேயா அல்ல. சாப்பாடு, நாள் பார்ப்பது போன்றவற்றில் ஒருவரையொருவர் குற்றவாளியென்று தீர்க்காதிருங்கள் என்கிறது ரோமர் 14. குழந்தை ஞானஸ்நானமா, முழுக்கு ஞானஸ்நானமா என்பது அதைவிடப் பெரிய விஷயம்தான். அதற்காகத் தனித்தனிச் சபைகளாகக் கூடுகிறவர்களும் ஒருவரையொருவர் சகோதரர் என்று சொல்ல முடியும். பாட்டுக்கு டிரம்ஸ் வேண்டுமா வேண்டாமா என்பதற்கெல்லாம் சபையை உடைக்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

கேள்வி: முறைப்படி எல்லாம் சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை என்றால், சபையை விட்டுப் போகலாமா?

பதில்: போகலாம். காரணத்தை மூப்பர்களிடம் நேரில் சொல்லிவிட்டுப் போங்கள். போகிற வழியில் நாலு குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.